பாட்டில் உயிரும் மெய்யும்

(இசை விழா ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பல பாஷைகள் பாட்டிலே எவ்வாறு ஒலிக்கின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி இச்சபையார் என்னைப் பணித்தபோது, என் மனம் எந்த நூலையும் நாடிச் செல்லவில்லை. காவிரிக் கரையிலுள்ள என் கிராமத்தில், மார்கழி மாதத்து வைகறைப் பனியிலே, வீதியை வலம்வந்த பஜனைக் கோஷ்டியின் பின்னால் போர்வையைப் போர்த்துக்கொண்டு நடந்த ஒரு சிறுவனிடம் போய் நின்றது. அந்தக் கோஷ்டியில் ஜயதேவருடைய அஷ்டபதியைச் சமஸ்கிருதத்திலே பாடுவார்கள். தியாகராஜ சுவாமிகளின் திவ்யநாம கீர்த்தனத்தைத் தெலுங்கிலே பாடுவார்கள். புரந்தரதாசரைக் கன்னடத்திலும், துக்காராமை மராத்தியிலும், அருணகிரிநாதரைத் தமிழிலும் பாடுவார்கள். மராத்திய மன்னர்கள் ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆண்ட தஞ்சைச் சீமையில் இத்தனை பாஷைகளும் ஒரே வீதியில் ஒலித்தது வியப்பன்று. எனக்கோ அந்நாளில் தமிழ் ஒன்றே தெரியும். ஆயினும், கோஷ்டி அடுத்த தெருவில் வரும்போதே, ஒரு சொல்லும் விளங்காத தூரத்திலிருந்து, இது தெலுங்கு, இது மராத்தி என்று என் காது பிரித்துச் சொல்லிவிடும். ராகம் ஒன்றாக இருக்கலாம். தாளம் ஒன்றாக இருக்கலாம். பாடுகிறவரும் ஒருவராகவே இருக்கலாம். ஆனாலும் ஓசை வேறாக இருந்தது. அந்த வேற்றுமை எதிலே குடியிருக்கிறது என்ற கேள்வி அன்று தொடங்கி என்னை விடவில்லை.

எங்கள் கோஷ்டியை நடத்திய பாகவதரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாஷைப் பாட்டானாலும், மெட்டைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்பு, வெறும் வசனமாக மூன்று முறை எங்களை வாய்விட்டு வாசிக்கச் செய்வார். யாராவது ஓர் எழுத்தை மென்று விழுங்கினால், "உயிரைத் தொண்டை தானே நீட்டிக்கொள்ளும், மெய்யை நீதான் காப்பாற்ற வேண்டும்" என்பார். பாட வந்த பிள்ளைகளை வாசிக்கச் சொல்கிறாரே என்று நாங்கள் சலித்துக்கொண்டதுண்டு. பிற்காலத்தில் பல தேசங்களின் சங்கீதத்தைக் கேட்கும் பாக்கியம் கிடைத்தபோதெல்லாம், அவருடைய சொல்லுக்கே புதிய புதிய சாட்சிகள் அகப்பட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சாட்சிகளைத்தான் இன்று உங்கள்முன் நிறுத்தப் போகிறேன்.

நம் முன்னோர் எழுத்துக்களுக்கு இட்ட பெயர்களை எண்ணிப் பாருங்கள்: உயிர், மெய். அ, ஆ, இ, ஈ முதலிய ஒலிகள் பிறக்கும்போது வாயிலே தடை ஏதும் இல்லை. குரல்வளையிலே எழும் நாதம் தடைப்படாமல் வெளிவருகிறது. ஆகவே ஸ்வரத்தை ஏந்தி நிற்கும் ஆற்றல் உயிருக்கே இயல்பாக அமைந்தது. க, ச, ட, த, ப, ற என்னும் வல்லினமோ மூச்சை ஒரு கணம் அடைத்து விடுவிக்கிறது. அந்தக் கணத்திலே நாதம் அறுந்துபோகிறது. இதனாலேதான், உயிரோசை மிகுந்த பாஷையே சங்கீதத்துக்கு உகந்தது என்றும், மெய்யோசை மிகுந்தது உகவாதது என்றும் ஓர் அபிப்பிராயம் உலகமெங்கும் வேரூன்றி இருக்கிறது.

ஆனால் உயிரோசைகளுள்ளும் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. ஒவ்வோர் உயிரையும் உச்சரிக்கும்போது வாய் ஒவ்வொரு வடிவம் கொள்கிறது. அந்த வடிவத்துக்கு ஏற்றபடி நாதத்தின் சில அம்சங்கள் ஓங்கி ஒலிக்கின்றன. ஈகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் இவ்வாறு ஓங்கும் முதல் ஒலி வினாடிக்குச் சுமார் 300 அதிர்வுகளை ஒட்டியது; ஆகாரத்துக்கோ அது 700-க்கும் மேலே இருக்கிறது. பெண்குரல் தாரஸ்தாயியிலே மிக உயர்ந்து, பாடும் ஸ்வரமே இந்த எல்லையைக் கடந்துவிட்டால், ஈகாரம் தன் அடையாளத்தை இழந்து ஆகாரத்தின் சாயலை மேற்கொள்கிறது. மேல்நாட்டு இசை நாடகங்களில் உச்சஸ்தாயியிலே பாடும் பெண்மணிகளின் சொற்கள் அந்நாட்டாருக்கே விளங்காமற்போவதற்கு ஒரு காரணம் இது. நம் ஆசிரியர்கள் குரல் பழக்கத்தை அகார சாதகத்திலே தொடங்குவதும் இந்த இயற்கையை அறிந்தே. ஆகவே, சங்கீதம் உச்சியை அடையும்போது பாஷைகளின் உயிர்கள் ஒன்றையொன்று நெருங்கி, ஒரே ஆகாரமாகக் கரையப் பார்க்கின்றன. அப்படிக் கரைந்த பிறகும் ஒரு பாஷையை இன்ன பாஷை என்று காட்டுவது எது? மெய்தான்.

இதை நிறுவுவதற்கு, மெய்யோசை குறைந்தவை என்று பேர்பெற்ற இரண்டு பாஷைகளையே முதலில் எடுத்துக்கொள்வேன். தெலுங்கும் இத்தாலியமும் உயிரீற்றுப் பாஷைகள் என்பது பிரசித்தம்; தெலுங்கைக் கீழ்த்திசையின் இத்தாலியம் என்று வழங்குவதும் உண்டு. நாம் கண் என்பதைத் தெலுங்கர் 'கன்னு' என்கிறார்கள். பால் என்பதைப் 'பாலு' என்கிறார்கள். சொல்லின் முடிவிலே ஓர் உயிர் எப்போதும் திறந்த வாசலாக நிற்பதால், பாடகனுடைய கற்பனை அந்த வாசலின் வழியே தடையின்றி வெளியே உலாவி, மீண்டும் அடுத்த சொல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. தியாகராஜ சுவாமிகளின் கீர்த்தனங்களிலே ஒரே அடி சங்கதிக்கு மேல் சங்கதியாக விரிந்துகொண்டே போகும் அற்புதத்துக்கு, அந்த மகானின் மேதையே முதற் காரணம். தெலுங்கின் இந்தத் திறந்த வாசல்கள் துணைக் காரணம். அவ்வாறே, 1600-ஆம் ஆண்டையொட்டி பிளாரன்ஸ் நகரத்திலே ஒபரா என்னும் இசை நாடகம் பிறந்தபோது அது இத்தாலிய மொழியின் மடியிலே பிறந்தது. 1607-ல் மாந்துவா நகரில் மான்டெவெர்தி இயற்றிய 'ஓர்பெயோ' இன்றும் அரங்கேறுகிறது. அந்தப் பாஷையின் ஏழே உயிரோசைகளும் கலப்பில்லாமல் தெளிந்து நிற்பவை.

ஆயினும், இவ்விரு பாஷைகளின் இனிமை உயிரிலே மட்டும் இருக்கிறதா? இத்தாலியத்திலே 'நொத்தெ' என்றால் இரவு. 'நோதெ' என்றால் இசையின் ஸ்வரங்கள். இடையிலே ஓர் ஒற்று இரட்டித்ததுதான் வேற்றுமை. அந்த இரட்டிப்பைச் சரிவரப் பாடாதவனை இத்தாலியர் அந்நியன் என்று உடனே கண்டுகொள்வார்கள். தெலுங்கிலும் வெண்ணெயை 'வென்ன' என்றும், சர்க்கரையைச் 'சக்கெர' என்றும் சொல்லும்போது அந்த இரட்டித்த ஒற்றிலே நாக்கு ஒரு கணம் தங்குகிறதே, அந்தத் தங்குதலிலேதான் பாஷையின் சுவை ஊறுகிறது. ஆறு தடையில்லாமல் ஓடினால் அழகு. ஆனால் அது பாடுவது கூழாங்கல்லிலே மோதும் இடத்திலேதான்.

இனி, சமஸ்கிருதத்தைப் பாருங்கள். சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரிலேயே அவதரித்தவர்கள். தியாகராஜ சுவாமிகள் 1767-லிருந்து 1847 வரையிலும், முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835 வரையிலும் வாழ்ந்த ஒரே தலைமுறையினர். ஊர் ஒன்று, காலம் ஒன்று, ராகங்கள் பொது. ஒருவர் பெரும்பாலும் தெலுங்கிலே பாடினார். மற்றவர் பெரும்பாலும் சமஸ்கிருதத்திலே பாடினார். நீண்ட தொகைச் சொற்களும், இரண்டு மூன்று மெய்கள் பிணைந்த கூட்டெழுத்துக்களும் நிறைந்த சமஸ்கிருதம், விளம்ப காலத்திலே கற்கோயிலின் பிராகாரம்போல் நிதானமாக விரிகிறது. ஒவ்வொரு கூட்டெழுத்தும் ஒரு தூண். பின்பு கிருதியின் முடிவிலே மத்யமகால சாகித்தியம் வரும்போது, அதே கூட்டெழுத்துக்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மிருதங்கத்தின் சொற்கட்டுகளைப்போல் முழங்குகின்றன. தீக்ஷிதர் அந்தப் பாஷையின் மெய்களை மறைக்க முயலவில்லை. மெதுவாக வரும்போது கட்டடமாகவும் விரைவாக வரும்போது வாத்தியமாகவும் அவற்றைப் பயன்படுத்தினார்.

எந்தப் பாஷை சங்கீதத்துக்கு உகந்தது என்ற வழக்கு மேல்நாட்டிலும் நடந்தது. 1753-ஆம் ஆண்டிலே ரூஸோ என்னும் பேரறிஞர் பிரெஞ்சு இசையைப் பற்றி ஒரு கடிதம் வெளியிட்டு, பிரெஞ்சு பாஷை சங்கீதத்துக்கு ஏற்றதே அன்று என்று வாதித்தார். அதற்கு முந்தைய ஆண்டிலே அவரே பிரெஞ்சு மொழியில் ஓர் இசை நாடகம் இயற்றி, அது அரசவையிலும் புகழ்பெற்றிருந்தது என்பதை எண்ணும்போது, அந்தக் காலத்துச் சர்ச்சையின் வேகம் நமக்குப் புலப்படும். பிரெஞ்சிலே அநேக சொற்களின் இறுதியில் எழுத்தில் மட்டும் நின்று பேச்சிலே ஒலிக்காத ஒரு மெல்லிய எகரம் உண்டு. பாட்டிலோ அந்த மௌன எகரம் உயிர்பெற்றுத் தனக்கென ஒரு ஸ்வரத்தைப் பெறுகிறது. பேசும்போது ஓரசையான சொல் பாடும்போது ஈரசையாகிவிடுகிறது. இதைக் குறையென்று சிலர் கருதினார்கள். 1902-ல் பாரிஸிலே அரங்கேறிய 'பெலேயாஸும் மெலிஸாந்தும்' என்ற இசை நாடகத்தில், தெபுஸ்ஸி பிரெஞ்சுப் பேச்சின் தணிந்த ஏற்ற இறக்கத்தையே மெட்டாக்கி, உரத்த ஆலாபனைகளை ஒதுக்கி வைத்தார். ரூஸோவின் தீர்ப்புக்கு விடை வர ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த விடை அந்தப் பாஷையின் வாய்மொழியிலிருந்தே வந்தது.

ஜெர்மன் பாஷையின் கதையும் இத்தகையதே. சொல்லின் முடிவிலே இரண்டு மூன்று மெய்கள் கொத்தாகத் தொங்கும் அந்தப் பாஷையிலே பாடுவது கடினம் என்று கருதி, ஜெர்மானிய அரசவைகள் நெடுங்காலம் இத்தாலிய இசை நாடகங்களையே ஆதரித்து வந்தன. மோஸார்ட் இத்தாலியத்திலும் எழுதினார். 1782-லும் 1791-லும் ஜெர்மனிலும் எழுதி வெற்றி கண்டார். அவருக்குப் பின் ஷூபர்ட், 31 வயதிலேயே மறைந்துபோன அந்த இளைஞர், 600-க்கு மேற்பட்ட ஜெர்மன் பாடல்களுக்கு இசை அமைத்தார். அவற்றைத் தேர்ந்த பாடகர் பாடக் கேட்டால், சொல்லிறுதி மெய்களை அவர் எவ்வளவு துல்லியமாக உதிர்க்கிறார் என்பது தெரியும். அந்த ஒலிகள் நாதத்தை அறுக்கவில்லை, அதற்கு விளிம்பு கட்டுகின்றன.

இவற்றினும் விசித்திரமானது செக் பாஷை. அந்தப் பாஷையிலே விரலுக்கு 'ப்ர்ஸ்த்' என்றும், ஓநாய்க்கு 'வ்ல்க்' என்றும் பெயர். இச்சொற்களிலே உயிரெழுத்து என்பதே இல்லை. அப்படியானால் பாடகன் ஸ்வரத்தை எங்கே நிறுத்துவான்? ரகர ஒற்றிலும் லகர ஒற்றிலும்தான் நிறுத்துகிறான். மெய்யே அங்கே உயிரின் தொழிலைச் செய்கிறது. யானாச்செக் என்னும் செக் தேசத்து இசைமேதை, வீதியிலும் சந்தையிலும் மக்கள் பேசும் பேச்சின் ஏற்ற இறக்கங்களை ஸ்வரப்படுத்திக் குறித்து வைத்துக்கொள்ளும் வழக்கமுடையவர். 1904-ல் புருனோ நகரிலே அரங்கேறிய அவருடைய 'யெனூபா' அந்தப் பாஷையின் மூச்சையே உள்வாங்கிய நாடகம்.

மெய்யோடும் உயிரோடும் நில்லாமல், சுருதியையே எழுத்தாகக் கொண்ட பாஷைகளும் உலகில் உண்டு. சீனத்தின் தென்பகுதியிலே வழங்கும் காண்டனீஸ் மொழியில், ஒரே அசையை ஆறு வகையான தொனிகளில் சொல்லலாம். தொனி மாறினால் பொருள் மாறும். ஆகவே அந்தப் பாஷையில் பாட்டெழுதுகிறவர், மெட்டு ஏறும் இடத்திலே ஏறும் தொனியும், இறங்கும் இடத்திலே இறங்கும் தொனியும் உள்ள சொல்லைத் தேடி அமைக்கிறார். பீக்கிங் பகுதியின் மாண்டரின் மொழியிலே இக்காலப் பாடல்கள் இவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. சந்தர்ப்பத்தைக்கொண்டு கேட்பவர் பொருளை உணர்ந்துகொள்கிறார். மெட்டு பாஷைக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறது என்பதற்குக் காண்டனீஸைவிடக் கூர்மையான உதாரணம் எனக்குத் தெரியாது.

அன்பர்களே, இத்தனை தேசங்களைச் சுற்றிவிட்டு நம் வீட்டு வாசலுக்கு வருவோம். தமிழிலே வல்லினம் மிகுதி, சொற்கள் மெய்யிலே முடிகின்றன, ஆதலால் அது சங்கீதத்துக்குத் தெலுங்கைப்போல் இசையாது என்று சொல்லப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த எண்ணத்தை எதிர்த்து 1943-ல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் தோன்றியதை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சர்ச்சையை மீண்டும் கிளறுவது என் நோக்கமன்று. தியாகராஜரும் தீக்ஷிதரும் நம் மண்ணின் செல்வங்கள். ஆனால் தமிழைப் பற்றிச் சொன்ன அந்தக் கூற்றை இலக்கணத்தின் வெளிச்சத்திலே சோதித்துப் பார்ப்பது நம் கடமை.

தமிழ்ச் சொல் எந்த மெய்யிலே முடியும்? ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் என்னும் பதினொன்றுதான் சொல்லுக்கு இறுதியில் வரும் என்று தொல்காப்பியர் வரையறுத்திருக்கிறார். இவற்றுள் ஒன்றுகூட வல்லினம் இல்லை. பதினொன்றும் மெல்லினம் அல்லது இடையினம். அதாவது, மூச்சை முற்றும் அடைக்காமல் நாதத்தை நீட்ட இடங்கொடுப்பவை. வல்லினத்தில் முடிய வேண்டிய இடம் வந்தாலோ, பாட்டு, வந்து, காசு என்று அரை மாத்திரைக் குற்றியலுகரம் ஒன்று வந்து அதைத் தாங்கிக்கொள்கிறது. பிரெஞ்சின் மௌன எகரம் பாட்டிலே உயிர்பெறுவதைக் கண்டோமே, அதற்குச் சகோதரமாக இதைச் சொல்லலாம். இன்னும், வல்லினமும் எங்கும் வல்லென்று ஒலிப்பதில்லை. 'அகம்' என்பதிலும் 'அன்பு' என்பதிலும் அது எவ்வளவு குழைந்துவிடுகிறது! மேலும், உயிர் தனக்குரிய மாத்திரையைக் கடந்து ஒலிப்பதும் ஒற்று நீண்டு ஒலிப்பதும் இசைக்குரிய மரபு என்று தொல்காப்பியர் நூன்மரபின் முடிவிலே குறிப்பிடுகிறார். உயிர் நீளும் என்பது யாரும் அறிந்தது. ஒற்றும் நீளும் என்று இலக்கண நூலிலேயே பதிவு செய்தாரே, அதுதான் கூர்ந்த செவி. செக் நாட்டுப் பாடகன் ரகர ஒற்றிலே ஸ்வரத்தை நிறுத்துவதைக் கேட்டபோது எனக்கு அந்தச் சூத்திரமே நினைவுக்கு வந்தது.

மெய்யை அளவாகக் கொண்டே இசை அமைத்த பெருமையும் தமிழுக்கு உண்டு. திருப்புகழின் சந்தங்களைக் குறிக்கும் வாய்பாடுகளைக் கவனியுங்கள்: தத்த, தந்த, தன்ன, தய்ய. நான்குக்கும் தாள அளவு ஒன்றே. வேறுபடுவது நடுவிலே நிற்கும் ஒற்று மட்டும். வல்லொற்று வர வேண்டிய இடத்தில் மெல்லொற்று வந்தால் சந்தம் கெட்டது என்று கருதும் அளவுக்கு, அருணகிரியார் மெய்யின் நிறத்தையே தாளத்தின் நிறமாக்கினார். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்திலே வல்லொற்றுக்கள் துள்ளிக் குதிக்கும்போது, காவடி சுமந்தவனின் கால் தானே எழும்புகிறது. வல்லினம் சங்கீதத்துக்குப் பகை என்று அந்தச் சிந்தைக் கேட்டவர் யாரும் சொல்ல மாட்டார்.

குறை எப்போது நேர்கிறது என்றால், ஒரு பாஷையின் உடலுக்குத் தைத்த சட்டையை மற்றொரு பாஷைக்குப் போடும்போதுதான். தமிழ் குறிலையும் நெடிலையும் கண்டிப்பாகப் பிரிக்கும் பாஷை. 'மனம்' என்பதன் முதல் எழுத்தை நீட்டினால் 'மானம்' ஆகிவிடும். 'கலம்' நீண்டால் 'காலம்'. நம் நாட்டுக் கிறிஸ்தவ ஆலயங்களிலே இருவகைப் பாட்டுக்கள் உண்டு. ஜெர்மானியப் பாட்டுக்களைத் தமிழாக்கி அவற்றின் மெட்டிலேயே பாடும் ஞானப்பாட்டுக்கள் ஒரு வகை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் நம் ராக தாளங்களில் இயற்றிய கீர்த்தனைகள் மற்றொரு வகை. முன்னதிலே பக்தி குறைவென்று சொல்ல மாட்டேன்; தலைமுறை தலைமுறையாக அன்போடு பாடிப் பழகிய பாட்டுக்கள் அவை. ஆனால், அழுத்தத்தை ஆதாரமாகக்கொண்ட மெட்டிலே தமிழின் குறில்கள் நெடிலாக நீள நேர்கிறது. சாஸ்திரியாரின் கீர்த்தனையிலோ குறில் குறிலாகவே இருக்க, நெடிலிலே ராகம் சுகமாகத் தங்குகிறது. அதே ஊர், அதே சமயம், அதே பாஷை. மெட்டு பாஷையின் உடலிலிருந்து பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பதுதான் வேற்றுமை.

இதனாலேதான் எந்தப் பாஷை இனியது என்ற கேள்வியை நான் கேட்பதில்லை. இந்தப் பாஷையின் மெய்களுக்கு யார் செவிகொடுத்தார் என்றே கேட்கிறேன். செவிகொடுத்தவர் கிடைத்தபோது ஜெர்மன் குழைந்தது, பிரெஞ்சு பாடியது. பாடுகிறவருக்கும் இது பொருந்தும். எம். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையார் 'மீரா' திரைப்படத்தில் 1945-ல் தமிழிலும் பின்னர் 1947-ல் ஹிந்தியிலும் பாடி நடித்தபோது, வடநாட்டாரும் அவரைத் தம்மவர் என்று ஏற்றுக்கொண்டார்கள். அவருடைய குரல் இனிமை மட்டும் அதைச் சாதித்ததன்று. அந்தந்தப் பாஷையின் எழுத்துக்களை அறிந்தவர்களிடம் பணிவோடு கேட்டுப் பழகிய உழைப்பும் சேர்ந்தே சாதித்தது.

இங்கே இருக்கும் இளம் பாடகர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நீங்கள் ஒரே கச்சேரியிலே நான்கைந்து பாஷைகளில் பாடுகிறீர்கள். இத்தகைய பாக்கியம் உலகத்திலே வேறு சங்கீதக்காரர்கள் அதிகம் பேருக்கு வாய்த்ததில்லை. ஸ்வரக் குறிப்பைப் புரட்டுவதற்கு முன்பு, சுருதிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்பு, பாட்டின் சொற்களை மெட்டில்லாமல் மூன்று முறை வாய்விட்டு வாசியுங்கள். தெலுங்கானால் தெலுங்கரின் முன்பும், கன்னடமானால் கன்னடியரின் முன்பும் வாசியுங்கள். தமிழ்தானே என்று தமிழை மட்டும் விட்டுவிடாதீர்கள்; ழகரத்தையும் இறுதி மகரத்தையும் முதலில் விழுங்குகிறவர்கள் நாமே. அப்படி வாசித்துப் பாடினால், அடுத்த தெருவிலே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு நிற்கும் ஏதோ ஒரு சிறுவன், ஒரு சொல்லும் விளங்காத தூரத்திலிருந்தே, இது இன்ன பாஷை என்று கண்டுகொள்வான். அவன் கண்டுகொள்ளும்படி பாடுவதே அந்தப் பாஷைக்கு நாம் செய்யும் மரியாதை.